நினைவுகளை எழுதி ஊர்க்காரர்கள் முன்னால் வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் சிறிய எழுத்தாளர் குழு எங்களுடையது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வாழ்க்கை நினைவுகளை எழுதுகிறவர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் சிலர். திருவாரூர், மாயவரம், பாபநாசம் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டவை. சில என் சொந்த அபிப்பிராயம். அதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

கேட்பார்கள். இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் வாசித்ததைத்தான் நாங்கள் அதிகக் கவனத்தோடு கேட்டிருக்கிறோம்.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நம் பக்கத்திலிருந்து வந்த சுயசரிதை. அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரம் பாபநாசத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அந்த நூலின் முதல் அத்தியாயமே அந்தச் சின்ன ஊரைப் பற்றியது. ஏட்டுச்சுவடி தேடிய பெரிய கதைக்கு வருவதற்கு முன்னால் தெரு, வீடு, அப்பாவின் வறுமை, யார் வீட்டில் சாப்பாடு கிடைத்தது, எந்த ஊரில் யாரிடம் என்ன பாடம் கேட்டார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்ச் சீமை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் அந்தச் சின்ன விவரங்களைத்தான் தேடிப் போகிறோம்.

உங்கள் வீட்டுப் பத்தாயத்தில் நெல் இறக்கும்போது யார் உள்ளே இறங்கினார்கள், ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த அன்றைக்கு வாய்க்கால் ஓரம் என்ன மணம் வந்தது, சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதத்தை வீட்டில் யார் உரக்கப் படித்தார்கள் என்பதெல்லாம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் எழுத வராது. தயங்காமல் எழுதுங்கள்.

புத்தகம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

வேண்டாம், ஒரு பகுதி போதும். ‘என் சரித்திரம்’ 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. 1942-இல் உ.வே.சா. காலமானார், நூல் முற்றுப் பெறவே இல்லை. அதனால் அதை யாரும் குறைவாக நினைக்கவில்லை.

எவ்வளவு நேரம் வாசிக்கலாம்?

பத்து நிமிடம். நிதானமாக வாசித்தால் எழுநூறு, எண்ணூறு சொற்கள் வரும். வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்து, செல்போனில் நேரம் பார்த்துவிட்டு வாருங்கள். மனதுக்குள் படிக்கும்போது ஆறு நிமிடம் ஆவது, வாய்விட்டுப் படித்தால் பத்தைத் தாண்டிவிடும். நேரம் போகிறதே என்று வேகமாக வாசிக்காதீர்கள். ஒரு பத்தியை விட்டுவிடுங்கள். எந்தப் பத்தியை விடுவது என்பதை முன்கூட்டியே பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பகுதியை வாசிப்பது?

பிறந்தேன், படித்தேன், வேலைக்குப் போனேன் என்று ஆண்டுவாரியாக ஓடும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். புத்தகத்தில் அதற்கு இடம் உண்டு. காதால் கேட்பவர்களுக்கு அதில் பிடிமானம் இல்லை. ஒரு நாள், ஒரு இடம், இரண்டு மூன்று பேர் உள்ள பகுதியாக எடுங்கள். களத்தில் நெல் அளந்த ஒரு மாலை, அக்காவைப் பெண் பார்க்க வந்த நாள், நாகப்பட்டினத்துக்கு முதல்முதலாக ரயிலில் போனது என்று எதுவாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாக வந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் பகுதியைவிட, ஏதோ சரியில்லை, என்னவென்று பிடிபடவில்லை என்று தோன்றும் பகுதியைக் கொண்டுவந்தால் உங்களுக்குக் கிடைப்பது அதிகம். குழு இருப்பது அதற்காகத்தான்.

எழுத்துத் தமிழில் எழுதியதை அப்படியே வாசிப்பதா, பேசுகிற மாதிரி மாற்றிக்கொள்வதா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே கிடையாது. நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது: கதை சொல்லும் பகுதி எழுத்து நடையில் இருக்கட்டும், மனிதர்கள் பேசுவது அவர்கள் பேசின மாதிரியே இருக்கட்டும். “சற்று நேரம் திண்ணையில் அமர்ந்துவிட்டுச் செல்லேன்” என்று எந்தப் பெரியம்மாவும் நம் ஊரில் சொன்னதில்லை. “ஏண்டா, செத்த நேரம் திண்ணையில ஒக்காந்துட்டுப் போயேன்” என்றுதான் சொல்லியிருப்பாள். அதை எழுதின உடனே பெரியம்மா அறைக்குள் வந்துவிடுகிறாள்.

ஆனால் ஒரே பேச்சு எல்லோர் வாயிலும் வரக் கூடாது. டெல்டாவில் தெருவுக்குத் தெரு பேச்சு மாறும். அக்கிரகாரத்து வீட்டில் அத்திம்பேர் என்றால் இன்னொரு தெருவில் அத்தான். நாகூர், கூத்தாநல்லூர் வீடுகளில் வாப்பா, உம்மா. கும்பகோணத்துச் சௌராஷ்டிர வீடுகளில் வீட்டு மொழியே வேறு. உங்கள் வீட்டில் உண்மையில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே எழுதுங்கள். மற்றவர்களுக்குப் புரியாமல் போகுமோ என்று பொதுவான உறவுப் பெயருக்கு மாற்ற வேண்டாம். முதல் தடவை வரும்போது “அக்காவின் கணவர், அத்திம்பேர்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

காதுக்காகச் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்று உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. மேற்கோள் குறி கேட்பவர் கண்ணுக்குத் தெரியாது. தமிழில் ‘என்றாள்’, ‘என்று மாமா சொன்னார்’ என்பதெல்லாம் பேச்சு முடிந்த பிறகுதான் வரும். அச்சில் படிப்பவர் கண்ணை ஒரு வரி முன்னால் ஓட்டித் தெரிந்துகொள்வார். கேட்பவரோ பேசுவது யார் என்றே தெரியாமல் நாலு வாக்கியம் காத்திருக்கிறார். அதனால் வாசிக்கும் பிரதியில் மட்டும் பேசுகிறவரை முன்னால் போடுங்கள். “மாமா சொன்னார்:” என்று தொடங்கி, பிறகு பேச்சு. புத்தகமாகும்போது வேண்டுமானால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

நீள வாக்கியங்களும் இப்படித்தான். “தண்ணீர் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு ஆற்றுக்கு ஓடிய தம்பியைத் தேடிக்கொண்டு போன அப்பாவைப் பார்க்காமல் வேறு வழியில் திரும்பி வந்த நான்” என்று எழுதினால், வினைச்சொல் வருவதற்குள் கேட்பவர் தம்பியையும் அப்பாவையும் தவறவிட்டிருப்பார். “தண்ணீர் வந்துவிட்டது என்றார்கள். தம்பி ஆற்றுக்கு ஓடினான். அவனைத் தேடி அப்பா போனார். நான் வேறு வழியில் வந்துவிட்டேன்.” இப்படி உடைத்தால் மூன்று பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிகிறது.

பெயர்களைக் குறையுங்கள். பத்து நிமிடத்தில் நாலைந்து பேரைத்தான் காது தாங்கும். வீட்டுக்கு வந்து போன சித்தப்பாக்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வருவதுதான். அந்த வரிசையை அச்சுப் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தை அளந்த மா, வேலி, நெல்லை அளந்த கலம், மரக்கால் எல்லாம் இளைஞர்களுக்குப் புரியுமா?

சிலருக்குப் புரியாது. அதற்காக ஏக்கர், கிலோவாக மாற்றிவிடாதீர்கள். “இருபது மா கொண்ட ஒரு வேலி நிலம்” என்று வாக்கியத்துக்குள்ளேயே விளக்கம் வந்துவிட்டால் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மா ஒரு ஏக்கர் என்று இன்றும் வயலில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கூலியை மரக்காலில் சொன்னால்தான் அந்தக் கூலியின் அளவும் அதை அளந்து போட்ட கையும் சேர்ந்து தெரியும்.

எந்த வருஷம் நடந்தது என்று ஞாபகம் இல்லை. தோராயமாக எழுதலாமா?

எழுதலாம். ஆனால் நம் ஊரில் வருஷத்தைக் கண்டுபிடிக்க நல்ல வழிகள் இருக்கின்றன. கொஞ்சம் மெனக்கெட்டால் கிடைத்துவிடும்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு மகாமகம் இருக்கிறது. 1968, 1980, 1992, 2004, 2016. “மகாமகத்துக்கு முந்தின வருஷம் அண்ணனுக்குக் கல்யாணம்” என்று அம்மா சொல்லியிருந்தால், அப்போது உங்களுக்கு என்ன வயது என்று பார்த்து எந்த மகாமகம் என்று முடிவு செய்துவிடலாம். கடலோரத்தில் புயல்தான் கணக்கு. நாகப்பட்டினம் பக்கத்துப் பெரியவர்கள் 1952 நவம்பர் கடைசியில் வந்த புயலையும் 1977 நவம்பர் புயலையும் வைத்துப் பேசுவார்கள். இரண்டையும் கலந்து சொல்கிறவர்களும் உண்டு. அதனால் அந்தச் சமயத்தில் வீட்டில் யார் உயிரோடு இருந்தார்கள் என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம் பக்கம் 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு முன், பின் என்று காலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். தமிழ் வருஷப் பெயர் இருக்கும். நந்தன என்று இருந்தால் 1952 சித்திரையிலிருந்து 1953 பங்குனிக்குள் என்று பொருள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால் 2012-உம் நந்தனதான். பத்திரிகையின் தாளைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ், நிலப் பத்திரம், கிஸ்தி ரசீது எல்லாம் உதவும்.

மாவட்டப் பெயரில் கவனம் வேண்டும். 1991-இல் நாகப்பட்டினம் பிரியும் வரை இந்தப் பகுதி முழுக்கத் தஞ்சாவூர் மாவட்டம்தான். திருவாரூர் 1997-இலும் மயிலாடுதுறை 2020-இலும் தனி மாவட்டங்களாயின. 1965-இல் நடந்ததை எழுதும்போது “திருவாரூர் கலெக்டரிடம் மனு கொடுத்தோம்” என்று வந்தால் கேட்பவர்களில் ஒருவராவது நிமிர்ந்து பார்ப்பார், அதற்குப் பிறகு அவர் கதையைக் கேட்க மாட்டார்.

இவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் “நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது” என்று எழுதுங்கள். அது நேர்மையான வாக்கியம்.

வாசித்து முடித்ததும் கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்?

இதில்தான் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். பேச்சு எழுத்தைப் பற்றி இருக்க வேண்டும். எழுதியவரின் வாழ்க்கையைப் பற்றி இருக்கக் கூடாது.

கதையையும் கவிதையையும் விமர்சிப்பது போல நினைவுக் குறிப்பை விமர்சிக்க முடியாது. “அந்த அப்பா பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை” என்று கதைக்குச் சொல்லலாம். இங்கே அந்த அப்பா வாசித்தவரின் அப்பா. எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து இருக்கிறது: நெகிழ்ந்துபோய் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், “எங்க வீட்லயும் இப்படித்தான்” என்று தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அன்போடு செய்வதுதான், ஆனால் வாசித்தவர் கையில் எதுவும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார். வெறும் ‘அருமை’யும் அப்படித்தான்.

அதனால் முதலில் எது மனதில் நின்றது என்று ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்வார்கள். அப்புறம் எங்கே வழி தவறினோம் என்று: யார் பேசினார்கள் என்று தெரியவில்லை, எந்த வீடு என்று குழம்பியது, நடுவில் கவனம் போய்விட்டது. கடைசியில் எதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசை என்று. வாசித்தவர் பதில் சொல்லாமல் குறித்துக்கொள்வார். “அது ஏன் அப்படி எழுதினேன்னா...” என்று விளக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுவோம். அந்த விளக்கம் பக்கத்தில் இருக்க வேண்டியது. பெரும்பாலும் அதுதான் விடுபட்டிருக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு விதியும் வைத்திருக்கிறோம். “நீங்க எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை? அப்பா பேரென்ன?” என்று கேட்கக் கூடாது. ஊர்ப் பாசத்தில் கேட்பதுபோல் தோன்றினாலும், இந்த மண்ணில் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தன் எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறாரோ, அது மட்டும்தான் அந்த அறையில் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது.

“அது அப்படி நடக்கவே இல்லை” என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டால்?

உள்ளூரில் வாசித்தால் இது நடக்கத்தான் செய்யும். சென்னையில் வாசித்தால் உங்கள் தெருவை அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். இங்கே அந்தத் தேரோட்டத்தன்று உங்கள் பக்கத்தில் நின்றவரே வந்திருப்பார்.

தேதி, இடம், யார் பஞ்சாயத்துத் தலைவர் என்பது போன்ற விஷயமாக இருந்தால் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டு, பிறகு சரிபாருங்கள். உங்கள் அம்மா அன்றைக்கு அழுதாளா, சிரித்தாளா என்பது போன்ற விஷயமாக இருந்தால் அது உங்கள் ஞாபகம். அவருடைய ஞாபகம் வேறாக இருந்தால் அவரும் எழுதி அடுத்த மாதம் வாசிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, எழுதுகிறவரே இரண்டையும் எழுதிவிடுவது: “எனக்கு ஞாபகம் இருப்பது இப்படி. தங்கை வேறு மாதிரி சொல்கிறாள்.” இப்படிச் சொன்னால் எழுத்துக்கு ஒரு குறையும் வராது, கேட்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கைதான் கூடும்.

உறவினர்களைப் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறேன். பெயரை மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதாது. ஐம்பது வீடு உள்ள ஊரில் “ரைஸ்மில் வைத்திருந்த, இரண்டு கல்யாணம் செய்துகொண்ட பெரியப்பா” என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் ஊருக்குத் தெரியும். ஊர், தொழில், உறவுமுறை இவற்றில் ஒன்றிரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். மாற்றினால், மாற்றியிருக்கிறேன் என்று முதலிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

சட்டப் பக்கத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அவதூறு என்பது அச்சிட்டால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வாயால் சொல்வதும் அதில் அடங்கும். நாலு பேர் முன்னால் வாசிப்பதும் சொல்வதுதான். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவாக இருக்கிறது. இறந்தவரைப் பற்றியது என்றால் எதையும் சொல்லலாம் என்பதும் தவறு. உயிரோடிருந்தால் அவர் மதிப்பைக் கெடுத்திருக்கும் என்பதாகவும், குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் சொல்லப்பட்டிருந்தால் அதுவும் அவதூறாகலாம். உண்மையைப் பொது நன்மைக்காகச் சொல்வதற்குச் சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது.

அந்தரங்கம் பற்றியும் ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. அதுவும் ஒரு சுயசரிதையை வெளியிடுவது தொடர்பாகத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். ஆட்டோ சங்கரின் சுயசரிதை பற்றிய அந்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், குடும்பம், திருமணம் முதலியவற்றில் ஒருவருக்கு அந்தரங்க உரிமை உண்டு, அவர் சம்மதமில்லாமல் அவற்றைப் பற்றி வெளியிடக் கூடாது, ஆனால் பொது ஆவணங்களில் உள்ளதைத் தடுக்க முடியாது என்று சொன்னது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து எழுதாமல் இருந்துவிடாதீர்கள். எழுதுவது வேறு, வாசிப்பது வேறு, அச்சுக்குக் கொடுப்பது வேறு. எழுதும்போது முழுதாக எழுதுங்கள். வாசிக்கும் முன் உயிரோடிருப்பவர்களில் யார் காதுக்கு இது போகும் என்று ஒருமுறை யோசியுங்கள். அச்சுக்குப் போகும்போது, சிக்கலான விஷயமென்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அப்புறம், இது என் சொந்தக் கருத்து: கெட்டவராக வரும் மனிதரிடம் நீங்கள் பார்த்த ஒரு நல்லதையும் எழுதுங்கள். அவருக்காகச் சொல்லவில்லை. அது இல்லாத பக்கத்தைக் கேட்பவர்கள் நம்புவதில்லை.

சாதியைப் பற்றி எழுதியதை வாசிக்கலாமா?

வாசிக்க வேண்டும் என்பதே என் எண்ணம். காவிரிப் படுகையின் நினைவுகளில் சாதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆறும் கோபுரமும் வெற்றிலைக் கொடிக்காலும்தான்.

நிலம் வைத்திருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களின் எழுத்தில் ஒரு வரி மறுபடி மறுபடி வரும்: “எங்கள் பண்ணையாள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி.” எழுதுகிறவர் அதை முழு மனதோடுதான் எழுதுகிறார். ஆனால் அதே அறையில் ஒரு பண்ணையாளின் பேத்தியும் உட்கார்ந்திருக்கிறார். சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனை) சவுக்கடியும் அவர் வீட்டில் சொல்லப்பட்ட கதைகள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டது அன்றைய நம் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான். கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும். அந்த நினைவோடு வருகிறவர்களுக்கும் உங்கள் வரி கேட்கிறது. ஆகவே அந்த வரியை எழுதியவரிடம் நாங்கள் கேட்பது: அவர் உங்கள் வீட்டில் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்? எதில் சாப்பிட்டார்? எந்த வாசல் வழியாக வந்தார்? எத்தனை மரக்கால் கூலி? அவரை நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள், உங்களைவிட எத்தனை வயது மூத்தவர் அவர்? இவற்றை எழுதிக் கொண்டுவந்த பிறகு “வீட்டுப் பிள்ளை மாதிரி” என்ற வரி வேண்டுமா, வேண்டாமா என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

மறுபக்கத்திலிருந்து எழுதுகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: உங்கள் எழுத்தைக் கேட்பவர்களுக்காக மென்மையாக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பேசப்பட்ட இழிசொல் உரையாடலில் வந்தே ஆக வேண்டுமென்றால் வரட்டும். வாசிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல மனமில்லையென்றால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

வாசிக்கும்போது அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வந்தால் நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். தொடர முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் தாளைக் கொடுங்கள், அவர் வாசிப்பார். இதற்காகவே வரும்போது இரண்டு பிரதி கொண்டுவரச் சொல்கிறோம்.

கும்பகோணம் பள்ளித் தீ விபத்து (2004 ஜூலை 16, 94 குழந்தைகள்), அதே வருஷம் டிசம்பர் 26 சுனாமி, இவற்றைப் பற்றி எழுதியிருந்தால் முந்தைய நாளே எங்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த அறையில் பிள்ளையை இழந்தவர் இருக்கக்கூடும். வாசிப்பதற்கு முன்னால் என்ன வரப்போகிறது என்று நாங்கள் அறிவித்துவிடுவோம். வெளியே போய் நிற்க விரும்புகிறவர் போகலாம். அப்படிப்பட்ட பகுதிக்குப் பிறகு கைதட்டுவதில்லை, அன்றைக்கே கருத்தும் சொல்வதில்லை. எழுதியவர் கேட்டால் அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

எனக்கு மேடைக் கூச்சம்.

மேடையே இல்லை. வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தபடிதான் வாசிக்கிறோம். எழுத்தைப் பெரிதாக, வரிகளுக்கு நடுவில் இடம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்து, பக்க எண் போட்டுக் கொண்டுவாருங்கள். செல்போனைப் பார்த்து வாசிக்க வேண்டாம், நடுவில் அழைப்பு வரும். முதல் தடவை வந்து கேட்டுவிட்டு மட்டும் போவதும் நல்லதுதான்.

கூட்டத்தைப் பதிவு செய்யலாமா? வாட்ஸ்அப்பில் போடலாமா?

கூடாது. வாசித்தவரே கேட்டுக்கொண்டால் அவர் பகுதியை மட்டும் அவருடைய போனில் பதிவு செய்து கொடுப்போம்.

எழுதிய உடனே பதிப்புரிமை உங்களுடையது; எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் அறுபது வருஷமும் அது நீடிக்கும். ஆனால் பத்திரிகைகள் வேறெங்கும் வெளிவராத படைப்பைத்தான் பொதுவாகக் கேட்கும். குழுவில் வாசித்த பகுதியை யாராவது உற்சாகத்தில் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடலாம்.

பழைய கடிதங்களைச் சேர்த்து வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பினாங்கிலிருந்து மாமா எழுதிய கடிதத்தின் தாள் உங்களிடம் இருக்கலாம், எழுத்தின் உரிமை மாமாவுடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. புத்தகமாக்கும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு தொடங்க ஆசை. எப்படி?

ஐந்தாறு பேர் கிடைத்தால் தொடங்கிவிடலாம். பல கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. நூலகரிடம் பேசினால் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்கலாம். கல்யாண மண்டபம் வேண்டாம், எதிரொலி வார்த்தையை விழுங்கிவிடும். தகரக் கொட்டகையும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஒரு சொல்லும் கேட்காது.

மாதத்தை ஊர் வேலையோடு பொருத்திப் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும், வயலுள்ளவர்கள் வர மாட்டார்கள். தை பிறந்தால் சம்பா அறுவடை. ஆடிப்பெருக்கு, முகூர்த்த நாட்களைத் தவிர்த்து, மாலை நாலு மணிக்கு வைத்தால் வெளியூர்க்காரர்கள் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஒரு கூட்டத்துக்கு மூன்று பேர் வாசித்தால் போதும். மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் ஓய்வு பெற்ற ஆண்களே எல்லா மாதமும் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்வதை நான் எழுதி வாசிக்கலாமா?

தயவுசெய்து செய்யுங்கள். நடவும் களையும் அறிந்தவர்களின் நினைவுகள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் தாளுக்கு வர முடியும்.

“உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க” என்று கேட்டால் ஒன்றும் வராது. ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: கருக்கரிவாள், பழைய மரக்கால், கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம். செல்போனில் குரலைப் பதிவு செய்துகொண்டு, அப்புறம் எழுதுங்கள். மேலண்டைப் பக்கம், தெக்கால, விடியக்கருக்கல்ல என்று அவர் சொன்னால் அப்படியே இருக்கட்டும், நீங்கள் படித்த தமிழுக்கு மாற்ற வேண்டாம். எழுதியதை முதலில் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். எதையாவது எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும் சரி. குழுவில் வாசிக்கும்போது சொன்னவர் அம்மா, எழுதியவர் நான் என்ற வரிசையில் அறிவியுங்கள்.

அவரால் வர முடிந்தால் கூட்டி வாருங்கள். நாங்கள் கூடும் இடம் மாடியில் இருக்கிறது, படி கொஞ்சம் செங்குத்து. முந்தைய வாரமே சொல்லிவிட்டால் அந்த மாதக் கூட்டத்தைக் கீழ்க் கூடத்துக்கு மாற்றிவிடுவோம்.